மூன்றாவது பெயர்

குச்சிங்
14.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நான் நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா, அண்ணனுக்கு இருமல் விட்டதா என்று எழுதுங்கள். இதை ஏன் மின்னஞ்சலில் எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் அண்ணன் உங்கள் கைப்பேசியை எடுத்துப் படித்து, அம்மாவிடம் சொல்லி, அம்மா பீடோர் சித்தப்பாவிடம் சொல்லி, பொழுது சாய்வதற்குள் அது எனக்கே திரும்பி வந்துவிடுகிறது.

டிசம்பரில் நீங்கள் செய்ததை மறக்க முடியாது. கல்லூரி விடுமுறை முழுவதையும் எனக்காகச் செலவழித்து, பீடோருக்கும் பாகான் டத்தோவுக்கும் உங்கள் காரில் கூட்டிப்போனீர்கள். ரப்பர் தோட்டத்தை மூடியபின் லயத்து வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் முட்டி வலியைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இல்லாவிட்டால் இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

செல்லாயி அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பால்வாளி தூக்குன காலத்துல வலிக்கல. இப்ப வெறுங்கையோட மாடி ஏறுறேன், உயிர் போவுதுலா."

எழுத ஆரம்பித்துவிட்டேன். முடிந்ததும் அனுப்புகிறேன். அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
கலாதேவி


குனோங் ராபாட், ஈப்போ
26.1.2025

அன்புள்ள கலா,

இங்கு எல்லாரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் வடியவில்லை.

நேற்று காய்கறி லாரிக்காரர் தேவனிடம் உன்னைப் பற்றி ஆரம்பித்தார்கள். "எம் மக டாக்டரு தம்பி. ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல லா." தேவன் மரியாதைக்காக என்னைக் காட்டி, "அப்ப இவங்க?" என்றார். "இது மருமக. காலேஜில நர்ஸ் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குது" என்று சொல்லிவிட்டு அத்தை கத்தரிக்காய் பொறுக்கப் போய்விட்டார்கள். பதினெட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். அந்தக் கத்தரிக்காய்க்குக் கிடைத்த கவனம் எனக்குக் கிடைக்கவில்லை.

பொறாமையா அண்ணி என்று நீ சிரிப்பது தெரிகிறது. பொறாமைதான், வேறென்ன. உன் அண்ணனுக்கு வேலை போன வருஷம் நான் முனைவர் பட்ட விண்ணப்பத்தை மடித்து அலமாரியில் வைத்தேன். அதே வருஷம் நீ உபகாரச் சம்பளத்தில் கிளம்பிப் போனாய். உன்மேல் குற்றமில்லை. ஆனாலும் உன் பேருக்கு முன்னால் அந்த ‘டாக்டர்’ என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கில் பச்சை மிளகாய் கடிபட்ட மாதிரி இருக்கிறது.

அது போகட்டும். இந்த வருஷம் மூத்த விரிவுரையாளர் பதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நம் கட்டுரை வந்துவிட்டால் என் கவலை தீர்ந்தது. எதுவரை எழுதியிருக்கிறாய்? நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமென்றால் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி தினேஸ்வரி


குச்சிங்
9.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோயிலுக்குப் போனீர்களா, அம்மா வெயிலில் நின்று மயங்கவில்லையே? எனக்கு இரண்டு வாரம் சளி, இப்போது தேவலை.

கட்டுரையை முடித்து ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். இதழின் ஆசிரியர் டாக்டர் லத்தீபா ரொம்பக் கண்டிப்பானவர் என்று கேள்வி. ஆகவே திருத்தம் நிறைய வரும். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள், அவசரமில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கலா


குனோங் ராபாட்
10.3.2025

கலா,

சுகம். உன் சளி போனதில் சந்தோஷம்.

அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அவசரம். நேற்றே படித்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் பேரைத் தேடினேன். இல்லை. சரி, கடைசியில் வருமோ என்று பார்த்தால், கடைசிப் பக்கத்தில் நன்றியுரையில் பொடி எழுத்தில் இருக்கிறேன். ‘போக்குவரத்து உதவிக்காகத் திருமதி தினேஸ்வரிக்கு.’ வாடகைக் கார் ஓட்டுகிறவருக்குக்கூட இதைவிட நல்லதாக எழுதுவார்கள்.

பாகான் டத்தோவில் கதவைத் தட்டியது யார்? அது நான் பிறந்த இடம். "யாரு புள்ள நீ?" என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டது என்னையா, உன்னையா? நீ ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியதும் எல்லாரும் "வலியா, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். நான் தரையில் உட்கார்ந்து அவர்கள் காலைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு வந்தது.

அதையும் பொறுத்துக்கொள்வேன். உன் பேருக்கு அடுத்தாற்போல் இருக்கிறாரே பேராசிரியர் கார்த்திகேசு, உன் துறைத் தலைவர், அவர் எந்தக் காலைப் பிடித்துப் பார்த்தார்? நம் பேராக் மாநிலத்தில் இருக்கும் ஊரை, ‘பீடோர் சபாவிலா இருக்கிறது?’ என்று அவர் கேட்டதாக நீயே என் சமையலறையில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய்.

என் கல்யாணப் பத்திரிகையில் பீடோர் சித்தப்பா பேர் விட்டுப்போய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அச்சடித்த அத்தனையிலும் அவர் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினார்கள். பசை தடவி உட்கார்ந்து ஒட்டியவள் நீதான். யார் பேர் எங்கே வர வேண்டும் என்பது நம் வீட்டில் உனக்குத் தெரியாத விஷயமில்லை.

பதில் போடு.

தினேஸ்வரி


குச்சிங்
2.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, அண்ணன் நலமும் அறிய விரும்புகிறேன். உடனே பதில் எழுதாததற்கு வேலைதான் காரணம்.

அண்ணி, கட்டுரையின் ஆசிரியர் வரிசை கல்யாணப் பத்திரிகை இல்லை. அதற்கு விதி இருக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டிருக்க வேண்டும் அல்லது தரவைச் சேர்ப்பதிலோ பகுப்பாய்விலோ முக்கியப் பங்கு இருக்க வேண்டும். அதோடு கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், கடைசி வடிவத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆசிரியர் ஆக முடியாது. நீங்கள் எழுதவில்லை. செய்த உதவிக்கு நன்றியுரைதான் முறையான இடம். மரியாதைக்காகப் பேர் சேர்ப்பதை இப்போது எல்லா ஆய்விதழும் மோசடி என்றுதான் சொல்கிறது.

பேராசிரியரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே மழை விடவே இல்லை. துணி எதுவும் காயவில்லை, அலமாரிக்குள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

அம்மாவுக்கு மருந்து மாற்றினார்களா? தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
கலா


(ஆய்விதழ் ஆசிரியர் டாக்டர் லத்தீபாவுக்கு, பெயர் குறிப்பிடாத ஒரு முகவரியிலிருந்து)

5.4.2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பரிசீலனையில் இருக்கும், முன்னாள் தோட்டப் பெண்களின் முட்டி வலி பற்றிய கட்டுரையில் இரண்டாவது ஆசிரியராக இருக்கும் பேராசிரியர் கார்த்திகேசு அந்த ஆய்வில் எதையும் செய்யவில்லை. அவர் பேராக்கில் கால் வைத்ததே இல்லை. பீடோர் சபாவில் இருக்கிறதா என்று கேட்டவர். பதவியில் இருக்கிறார் என்பதற்காகவே அவர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஊர் ஊராக அலைந்து பெண்களைப் பேச வைத்தவருக்கோ நன்றியுரையில் ஒரே ஒரு வரி.

இது தங்கள் விதிக்கு ஒத்துவருமா என்று விசாரிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நியாயத்தை விரும்பும் ஒருவர்


குச்சிங்
16.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகம். சித்திரைப் புத்தாண்டுக்கு என்ன சமைத்தீர்கள்?

போன வாரம் அம்மா கூப்பிட்டார். எடுத்தவுடன் ஒரு பாட்டம் திட்டு. "அண்ணி பேரு இல்லையாமே? சோறு போட்ட கைலா அது. பேர போட்டா ஒனக்கு என்னா கொறஞ்சிற போவுது? அது பாவம், சரியா சாப்புடக்கூட மாட்டேங்குது." நீங்கள் சாப்பிடாமல் இருப்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

யோசித்துப் பார்த்தேன். ஆய்விதழிலிருந்து முதல் திருத்தம் கேட்டு வந்திருந்தது. அதோடு மூன்றாவது ஆசிரியராக உங்கள் பேரைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். சித்தப்பா பேரை ஒட்டிய மாதிரி ஒட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓர் இணைப்பு வரும். ‘ஆசிரியருக்குரிய எல்லாப் பங்கையும் ஆற்றினேன்’ என்று இருக்கும். அதை அழுத்தினால் போதும்.

விதியைப் பற்றி நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இனி ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

கலா


(டாக்டர் லத்தீபாவுக்கு, முன்பு எழுதிய அதே முகவரியிலிருந்து)

17.4.2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் ஐந்தாம் தேதி அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தவறான புரிதலில் எழுதிவிட்டேன். தயவுசெய்து அதை அழித்துவிடவும்.

இப்படிக்கு,
முன்பு எழுதியவர்


(அதே முகவரிக்கு, டாக்டர் லத்தீபா எழுதியது)

22.4.2025

அன்புடையீர்,

தங்கள் இரு கடிதங்களும் கிடைத்தன. வந்த புகாரை அழிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. புகார் கொடுத்தவர் மனம் மாறினாலும், சொல்லப்பட்டது உண்மையா என்று நாங்கள் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் நெறிமுறைக் குழு ஆகஸ்டில் கூடும். அதுவரை கட்டுரை மீதான பரிசீலனை வழக்கம்போல் நடக்கும். தங்கள் அடையாளத்தை நாங்கள் தேடமாட்டோம்.

லத்தீபா


குனோங் ராபாட்
24.4.2025

என் அன்புக் கலாவுக்கு,

நீ நல்ல சுகத்தோடு இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கு எல்லாரும் சௌக்கியம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபத்தில் எதையெதையோ எழுதிவிட்டேன். நீ சின்னப் பெண், பெரிய மனசு. இணைப்பு வந்தது. அழுத்திவிட்டேன்.

பேராசிரியரைப் பற்றி நான் சொன்னதையும் மறந்துவிடு. பெரிய மனிதர்கள் பேர் இருந்தால் கட்டுரைக்கும் ஒரு கௌரவம்தானே. ஒன்று கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். ஒருமுறை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு எதையும் கிளற மாட்டார்கள், இல்லையா?

அடுத்த முறை நீ வரும்போது நண்டு வாங்கி வைக்கிறேன்.

உன் அன்பு அண்ணி,
தினேஸ்வரி


குனோங் ராபாட்
30.6.2025

அன்புள்ள கலா,

சுகம், சுகமறிய ஆவல். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக எனக்கும் தகவல் வந்தது. உன் அண்ணன் அன்றைக்கே எல்லாருக்கும் தோசை வாங்கி வந்தார்.

கல்லூரி வாசலில் என் படத்தைப் போட்டுப் பெரிய ‘தஹ்னியா’ பதாகை கட்டிவிட்டார்கள். வாழ்த்துப் பதாகை என்றால் நம் ஊரில் தேர்தலில் ஜெயித்தவர்களுக்குத்தான், இப்போது எனக்கு. அத்தையைக் காரில் கூட்டிப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கலா படத்தயும் பக்கத்துல போட்டிருக்கலாம்லா" என்றார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுகூட உன்னைத்தான் தேடுகிறார்கள்.

பதவி உயர்வு நேர்காணல் செப்டம்பர் கடைசியில். மாணவிகள் இப்போதே ‘டாக்டர்’ என்று கூப்பிட்டு வம்பு பண்ணுகிறார்கள். நான் கண்டிக்கிறேன். ரொம்ப அழுத்தி இல்லை.

ஏப்ரலில் ஒன்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

அண்ணி


குச்சிங்
19.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆய்விதழ் அச்சிடுவதை நிறுத்தி வைத்திருக்கிறது. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். நாம் மூவரும் தனித்தனியாக, அவரவர் இந்த ஆய்வில் என்ன செய்தோம் என்று செப்டம்பர் பதினைந்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். புகாரின் நகலும் வந்திருக்கிறது. பேர் இல்லை. ஆனால் பேராசிரியர் பீடோரைச் சபாவில் தேடியது அதில் இருக்கிறது. அதை நான் உங்கள் சமையலறையில் மட்டும்தான் சொன்னேன், அண்ணி. தேதி ஏப்ரல் ஐந்து. நான் உங்கள் பேரைச் சேர்த்தது அதற்கு அப்புறம்.

அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. நான் இங்கே நிரந்தர வேலையில் இல்லை. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, நீட்டிக்கப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேர் ஏன் இரண்டாவதாக வந்தது என்பதற்கு அதுதான் பதில். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு நான் பெரிய டாக்டராகவே இருக்கட்டும்.

ஆய்வுத் திட்டமே தன்னுடையது என்று பேராசிரியர் எழுதி அனுப்பிவிட்டார். நீங்கள் பகுப்பாய்வில் இருந்ததாக எழுதினால் மூவரும் தப்பிக்கலாம். என்ன எழுத வேண்டும் என்று நானே தயார் செய்து அனுப்புகிறேன். உங்கள் நேர்காணலும் பாழாகாது.

கலா


குச்சிங்
6.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணனிடம் பேசினால் ‘அவ நல்லாத்தான் இருக்கா’ என்கிறார். நீங்கள் எழுத வேண்டியதை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். நான் இன்னும் என்னுடையதை அனுப்பவில்லை. உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா?

அம்மா சுகமா?

கலா


குனோங் ராபாட்
14.9.2025

மதிப்பிற்குரிய டாக்டர் லத்தீபா அவர்களுக்கு,
(பிரதி: டாக்டர் கலாதேவி)

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முட்டி வலி பற்றிய கட்டுரையில் மூன்றாவது ஆசிரியராக இருப்பது நான். என் பங்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். நான் கார் ஓட்டினேன். தெரிந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பெண்களோடு உட்கார்ந்து பேசினேன். அவர்கள் சொன்னதை என் நாத்தனார் கலாதேவி பதிவு செய்தார். கணக்குப் பார்த்ததும் எழுதியதும் அவர்தான். கட்டுரையில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. நான் ஆசிரியர் இல்லை. இணைப்பை அழுத்தும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் பேர் போடாமல் புகார் எழுதியதும் நான்தான். நியாயத்தை விரும்பும் ஒருவர் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். நியாயத்துக்காக எழுதவில்லை. எனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைத்ததே என்ற பொறாமையில் எழுதினேன். ஆனால் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

வேறு விதமாக எழுதித் தரவும் எனக்கு வழி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் இருந்தேன். மூட்டு வலியைப் பற்றி என் வகுப்பில் பாடம் வரும்போது மாணவிகள் இந்தக் கட்டுரையைப் படிப்பார்கள். எப்படிப் பகுப்பாய்வு செய்தீர்கள் டீச்சர் என்று ஒருத்தி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதற்கும் ஒரு பொய் தயார் செய்ய வேண்டும்.

என் பெயரை நீக்கிவிடவும்.

இப்படிக்கு,
தினேஸ்வரி


குச்சிங்
5.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான். உங்களுக்கு உடம்பு எப்படி?

உங்கள் கடிதத்தின் பிரதியைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க உங்களைத் திட்டினேன். மறுநாள் என்னுடையதை எழுதி அனுப்பினேன். பேராசிரியர் எதுவும் செய்யவில்லை என்று அதில் உண்மையைச் சொல்லிவிட்டேன். குழு முடிவு வந்துவிட்டது. ஏற்பை ரத்து செய்துவிட்டார்கள். ஆய்வு சரியானதுதான், ஆசிரியர் பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்பலாம் என்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் உங்கள் கல்லூரிக்கும் எழுதியிருக்கிறார்கள். பேராசிரியர் என்னிடம் பேசுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடமாட்டார். டிசம்பரில் வீட்டுக்கு வருகிறேன்.

டாக்டர் லத்தீபா தனியாக எனக்கு ஒன்று எழுதியிருந்தார். தரவைச் சேர்ப்பதில் அவ்வளவு பங்கு இருந்தவரை எழுதவும் அழைத்திருக்க வேண்டும், விதியில் அதுவும் இருக்கிறது, ஏன் அழைக்கவில்லை என்று கேட்டிருந்தார். அவருக்கு ‘கவனக்குறைவு’ என்று பதில் போட்டேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது.

எழுதித் தரட்டுமா என்று நீங்கள் ஜனவரியிலேயே கேட்டீர்கள். நான் வேண்டுமென்றேதான் பதில் சொல்லாமல் விட்டேன். அது என் ஆய்வு, என் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், என் கேள்வி. ஆனால் அத்தனை பேரும் பதில் சொன்னது உங்களுக்கு. செல்லாயி அக்கா உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு பேசியபோது நான் கருவியைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். நீங்கள் எழுதினால் அந்தப் பெண்கள் அப்படியே வந்துவிடுவார்கள், என் பக்கங்கள் வெறும் எண்ணாகத் தெரியும் என்று பயந்தேன். வீட்டிலும் அப்படித்தான். அம்மா ஊராரிடம் என் பேரைச் சொல்கிறார், ஆனால் கால் வலித்தால் உங்களைத்தான் கூப்பிடுகிறார். எனக்கு உங்கள்மேல் பொறாமை, அண்ணி. ரொம்ப நாளாக.

பீடோர், பாகான் டத்தோ பெண்கள் பேசியதைப் பற்றிய பகுதியைப் புதிதாக எழுத வேண்டும். எழுதுவீர்களா?

கலா


குனோங் ராபாட்
12.10.2025

அன்புள்ள கலா,

எல்லாரும் சுகம். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டாகிவிட்டது. உனக்கு ஒரு டின் தனியாகத் தபாலில் வரும்.

பதாகையைக் கழற்றிவிட்டார்கள். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். நேர்காணல் கிடையாது, இரண்டு வருஷம் விண்ணப்பிக்கவும் கூடாது. உன் அண்ணனுக்கு இப்போது எல்லாம் தெரியும். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் காப்பி கேட்டார்.

உன் வேலை போனதில் என் கையும் இருக்கிறது. நான் எழுதிய புகாரால் ஆரம்பித்தது. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அது போதுமானதாகத் தெரியவில்லை. ஆனால் செப்டம்பரில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஒப்பந்தம் முடிந்து வருகிறாய் என்று மட்டும் அத்தையிடம் சொன்னேன். "எம் மக வாரா" என்று அன்றைக்கே மெத்தையை வெயிலில் போட வைத்தார்கள். டிசம்பருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது யாரும் எதையும் வெயிலில் போட்டதாக நினைவில்லை. மெத்தையைத் தூக்கியவளும் நான்தான்.

என்மேல் ஒருத்திக்குப் பொறாமை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. உன் வேலை போன செய்தி இருந்த அதே கடிதத்தில் அது இருந்ததால் நிம்மதியாகச் சந்தோஷப்படவும் முடியவில்லை. இருந்தாலும் கொஞ்சம் பட்டேன்.

நீ கேட்ட பகுதியை எழுதியிருக்கிறேன், இத்துடன் வருகிறது. உன் கணக்கைத் திரும்பத் திரும்பப் படித்து, புரியாத இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு விளக்கிச் சொல்லாமல் மறுபடி எங்கும் அனுப்பாதே. கேள்வி உன்னுடையது, கணக்கும் உன்னுடையது. ஆகவே உன் பேர் முதலில், என் பேர் இரண்டாவது. வேறு பேர் கிடையாது.

அச்சில் அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இப்போதே தெரிகிறது. அத்தை எனக்காக உன்னிடம் வந்து பேசிப் பார்ப்பார்கள். நானே கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வேன். யார் என்ன செய்தாலும் அந்த வரிசையை மட்டும் நீ மாற்றிவிடக் கூடாது.

அண்ணி